கணினியை வளரவிடும் ஸ்லாட்டுகள்

மேசைக் கணினியின் செயலியையும் நினைவகத்தையும் தாங்கி இணைக்கும் மதர்போர்டில் நீண்டு குறுகிய சில செருகுவாய்கள் காணப்படும். கணினி வாங்கும்போது இல்லாத ஒரு திறனைப் பின்னாளில் சேர்ப்பதற்கென அமைந்த இவை விரிவாக்க ஸ்லாட்டுகள் எனவும், இவற்றில் செருகப்படும் மின்சுற்றுப் பலகைகள் கார்டுகள் எனவும் அழைக்கப்படுகின்றன. ஸ்லாட்டுகள் கண்ட வளர்ச்சியை, மாண்ட்ரியல் தீவிலுள்ள டார்வாலில் இயங்கும் மேட்ராக்ஸ் நிறுவனத்தின் வரலாற்றோடு சேர்த்தே விளக்கலாம்.

லோர்ன் ட்ரோட்டியே, பிராங்கோ மாட்டிச் ஆகிய இருவரும் 1976இல் தொடங்கிய இந்நிறுவனம், 1978இல் ஏஎல்டி-256 என்னும் கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. 100 இணைப்பு முனைகள் கொண்ட எஸ்-100 ஸ்லாட்டில் பொருந்திய அது, 256க்கு 256 புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையில் காட்டியது. புள்ளி ஒன்றுக்கு ஒரு பிட் போதுமாகையால், முழுப் படமும் 8 கிலோபைட் நினைவகத்தில் அடங்கியது.

திரையின் நுணுக்கமும் நிறங்களும் பெருகியபோது தரவு விரைந்து செல்ல அகன்ற வழி தேவைப்பட்டது. இன்டெல் 1992இல் அறிமுகப்படுத்திய பிசிஐ முறை நொடிக்கு ஏறத்தாழ 133 மெகாபைட்டைக் கடத்தவல்லதாயிற்று. மேட்ராக்ஸின் புகழ்பெற்ற மில்லேனியம் கார்டு 1995இல் இந்த ஸ்லாட்டுக்கே வந்தது. ஆயினும் பிசிஐயில் எல்லாக் கார்டுகளும் ஒரே வழியைப் பகிர்ந்துகொண்டமையால், படத்துக்கென்றே தனிவழி தரும் ஏஜிபி ஸ்லாட் 1997இல் புழக்கத்துக்கு வந்தது; 1999இல் அதற்கென மேட்ராக்ஸ் படைத்த ஜி400, ஒரே கார்டிலிருந்து இரு திரைகளை இயக்கும் வசதியைச் சாதாரணப் பயனருக்கும் எட்டச்செய்தது.

இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனித் தடங்கள் உண்டு. அகன்ற சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று தடுக்காமல் செல்வதுபோல, 1, 4, 16 எனத் தடங்கள் கூடக்கூடக் கடத்தும் தரவும் கூடுகிறது. சிறிய கார்டு பெரிய ஸ்லாட்டில் இயங்கும். ஆனால் பழைய ஏஜிபி கார்டு இதில் பொருந்தாது. ஸ்லாட் வழியே கிடைக்கும் மின்திறன் அதிகபட்சம் 75 வாட் என்பதால், அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு தேவை.

ஆகவே கார்டு வாங்குமுன் ஸ்லாட்டின் வகை, பெட்டிக்குள் உள்ள இடம், பவர் சப்ளையின் திறன் ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். தேவை ஒன்று மாறியதற்காக முழுக் கணினியையும் கழித்துவிடாமல் காக்கும் வாய்ப்பு ஸ்லாட்டில் இருப்பதால், புதிய மேசைக் கணினி வாங்குவோர் அதில் எத்தனை ஸ்லாட்டுகள் காலியாக உள்ளன என்பதையும் கேட்டறிந்து வாங்குதல் நன்று.