கைமாறும் ஒளி ஆற்றல்

மும்பைத் துறைமுக ரயில் பாதையில் கோவண்டிக்கு அடுத்த நிலையம் மான்குர்த். 1992ஆம் ஆண்டில் கழியைக் கடந்து வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கும் வரை இப்பாதையின் கடைசி நிலையமும் இதுவே. ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இங்கு அமைந்துள்ளது. அணுசக்தித் துறையினர் வாழும் அணுசக்தி நகரும், அதற்கப்பால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அருகிலேயே உள்ளன. அணு உலை என்றதும் யுரேனியமும் கனத்த கான்கிரீட் சுவர்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் உலையில் பணியாற்றும் ஊழியரின் உடலுக்குள் எவ்வளவு கதிரியக்கம் சென்றுள்ளது என்பதை அளந்தறியப் பெரிதும் துணை நிற்பது, ஒரு சிறு குப்பியிலுள்ள கரிமத் திரவம் உமிழும் மெல்லிய நீல ஒளியே ஆகும். ஒரு மூலக்கூறு பெற்ற ஆற்றலை மற்றொரு மூலக்கூறு வாங்கிக்கொள்வதால் அவ்வொளி தோன்றுகிறது. இக்கைமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செங்கல்லும் சித்தாளும்

கரித்தாரிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீன் என்னும் பொருளின் தூய படிகத்தின் மீது புற ஊதா ஒளியைச் செலுத்தினால் அது நீல ஊதா நிறத்தில் ஒளிரும். அதனுடன் டெட்ராசீன் என்னும் உறவுப் பொருளைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்து படிகமாக்கினால் நீல ஒளி ஏறத்தாழ மறைந்து, மஞ்சட் பச்சை ஒளி தோன்றுகிறது. இது டெட்ராசீனுக்குரிய ஒளி. படிகத்தின் மீது விழும் ஒளியில் ஏறக்குறைய முழுவதையும் உறிஞ்சுபவை ஆந்த்ரசீன் மூலக்கூறுகளே. அவ்வாறிருக்க, உறிஞ்சியது ஒன்றாகவும் ஒளிர்வது மற்றொன்றாகவும் இருப்பதன் காரணம் யாது?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்போம். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, கல் மட்டும் மேலே போய்ச் சேர்கிறது. படிகத்திலும் மூலக்கூறுகள் இடம்பெயர்வதில்லை; கிளர்ச்சி ஆற்றல் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்கிறது. இத்தகைய நடமாடும் கிளர்ச்சியை 1931இல் சோவியத் இயற்பியலறிஞர் யாக்கோவ் பிரெங்கல் கோட்பாட்டு முறையில் விளக்கினார். டெட்ராசீனின் கிளர்ச்சி நிலை ஆந்த்ரசீனின் நிலையைவிடத் தாழ்ந்தது. ஆகவே தாவி வரும் ஆற்றல் அங்கே பள்ளத்தில் விழுந்த நீர்போலத் தங்கி, பின்னர் ஒளியாக வெளிப்படுகிறது. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டால், ஒரு சில அலகுகள் அல்லது சில பத்து அலகுகளுக்குள் இவையெல்லாம் முடிந்துவிடுகின்றன.

பச்சை இலைகளும் இவ்வழியையே கையாளுகின்றன. ஒளிச்சேர்க்கையில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிப்பட ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் சேர்ந்து பங்கேற்பதாக எமர்சன், அர்னால்டு என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1932இல் கண்டறிந்தனர். பெரும்பாலான பச்சைய மூலக்கூறுகளின் பணி, ஒளியைப் பெற்று வினை நடக்கும் மையத்துக்கு அனுப்புவதே. மான்குர்த்தை அடுத்த தானே கழியின் அலையாத்தி மர இலைகளிலும் இது ஓயாது நடைபெறுகிறது.

இரு மூலக்கூறுகள் தொடாமலே ஆற்றலை மாற்றிக்கொள்வதற்கான கணக்கை ஜெர்மானிய அறிஞர் தியோடர் பெர்ஸ்டர் 1946-48ஆம் ஆண்டுகளில் வகுத்தார். கொடுக்கும் மூலக்கூறு உமிழக்கூடிய அலைநீளங்களும் வாங்கும் மூலக்கூறு உறிஞ்சக்கூடிய அலைநீளங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். தொலைவு இருமடங்கானால் கைமாற்றத்தின் வேகம் 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு நானோமீட்டர் முதல் பத்து நானோமீட்டர் வரையே இதன் எல்லை. மூலக்கூறுகள் எத்திசையை நோக்கி அமைந்துள்ளன என்பதும் முக்கியமானது. சில அமைப்புகளில், மூலக்கூறுகள் மிக அருகில் இருந்தும் கைமாற்றம் நிகழாது.

வத்திராயிருப்பிலிருந்து வந்த அறிஞர்

படிகத்தினுள் மூலக்கூறுகள் எத்திசையில் அமைந்துள்ளன என்னும் வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, கொல்கத்தாவில் சி. வி. ராமனுடன் பணியாற்றிய இவரை ராமன் விளைவின் துணையாளராக மட்டுமே பலர் அறிவர். அது அவருக்கு முழு நியாயம் செய்வதாகாது. 1928இல் டாக்கா சென்ற கிருஷ்ணன், சிறு படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எவ்வாறு திரும்புகின்றன என்று அளந்தார். நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்றவற்றின் மூலக்கூறுகள் தட்டையானவை. தளத்துக்குச் செங்குத்தான திசையில் அவற்றின் காந்தப் பண்பு மற்றத் திசைகளிலிருந்து பெரிதும் வேறுபடும். ஆகவே படிகம் திரும்பும் விதத்தைக் கொண்டே உள்ளிருக்கும் மூலக்கூறுகளின் சாய்வைக் கணக்கிட முடிந்தது. 1933இல் கொல்கத்தாவுக்குத் திரும்பிய பின்னர், இத்தகைய படிகங்கள் ஒளியை உறிஞ்சுவதையும் ஒளிர்வதையும் முனைவாக்கப்பட்ட ஒளியின் துணையால் ஆராய்ந்தார்.

1948இல் இந்திய அணுசக்தி ஆணையம் அமைந்தபோது ஹோமி பாபாவுடனும் எஸ். எஸ். பட்நாகருடனும் அதில் உறுப்பினராயிருந்தவரும் இந்தக் கிருஷ்ணனே.

குப்பிக்குள் ஓர் எண்ணி

1947இல் பெர்லினில் ஹார்ட்மட் கால்மன், அந்துருண்டைப் பொருளான நாப்தலீனின் படிகத்தில் கதிர்வீச்சு உண்டாக்கும் ஒளிப்பொறிகளை ஒளிமின் பெருக்கியால் எண்ணிக் காட்டினார். விரைவில் படிகத்தின் இடத்தில் திரவமும் பயன்படலாயிற்று. டிராம்பேக்கு இது மிகவும் தேவையானது. 1960இல் இயங்கத் தொடங்கி 2010 இறுதியில் மூடப்பட்ட சைரஸ் உலையும், 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா உலையும் கனநீரைப் பயன்படுத்துபவை. கல்பாக்கம் மின் நிலையமும் அத்தகையதே. கனநீரிலுள்ள டியூட்டீரியம் நியூட்ரானை ஏற்று டிரிட்டியமாகிறது. அது நீராவியுடன் கலந்து மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலுக்குள் புகக்கூடும். அது உமிழும் எலெக்ட்ரான் காற்றில் அரை அங்குலம்கூடச் செல்லாது. தோலைத் துளைத்து வெளிவரவும் இயலாது. ஆகையால் ஊழியர் சட்டையில் அணியும் அளவி எதுவும் இதனைக் காட்டாது. சிறுநீரைச் சோதிப்பதே வழி.

சிறிதளவு சிறுநீரைத் தகுந்த கரிமத் திரவத்துடன் கலக்கின்றனர். முன்னாளில் டொலுவீனை அடிப்படையாகக் கொண்ட கலவைகளில், லிட்டருக்கு ஏறத்தாழ ஐந்து கிராம் பிபிஓ என்னும் ஒளிர்பொருளும், அதனினும் மிகக் குறைவாகப் பாப்பாப் என்னும் மற்றொன்றும் இடப்பட்டன. டிரிட்டிய எலெக்ட்ரானின் ஆற்றல் முதலில் கரைப்பானுக்கும், அதிலிருந்து பிபிஓவுக்கும், பின்னர் பாப்பாப்புக்கும் செல்கிறது. இறுதியில் அது ஒளிமின் பெருக்கி நன்கு உணரும் நீல ஒளியாகிறது. ஓர் எலெக்ட்ரானுக்குக் கிடைப்பவை சில பத்து ஒளித்துகள்களே. இயந்திரத்தின் சொந்த இரைச்சலை விலக்க, இரு பெருக்கிகளும் ஒரே கணத்தில் கண்டவை மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன.

ஆந்த்ரசீனில் நாம் கண்ட அதே கலப்பு இங்குத் தொல்லையாகவும் மாறக்கூடும். கரைந்துள்ள ஆக்சிஜன் ஆற்றலை நடுவழியில் வாங்கி வெப்பமாக்கிவிடும். நீர் மிகுந்தால் கைமாற்றம் தளரும். சிறுநீரின் மஞ்சள் நிறமோ பிறந்த நீல ஒளியையே விழுங்கிவிடும். எண்ணிக்கை குறைந்தால் ஊழியர் பெற்ற கதிர்வீச்சும் குறைவாகவே ஏட்டில் பதியும். அவரை வேறு பணிக்கு மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமலும் போகலாம். ஆகவே மாதிரியை எண்ணிய பின், அளவு துல்லியமாகத் தெரிந்த டிரிட்டியத்தை அதே குப்பியில் சேர்த்து மீண்டும் எண்ணுவது ஒரு முறை. சேர்த்ததில் எத்தனை விழுக்காடு எண்ணிக்கையில் தெரிகிறது என்று கண்டு, அதே விகிதத்தால் முதல் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்கின்றனர். ஒவ்வொரு குப்பியின் நிறமும் கலப்பும் வேறு வேறானவை. எனவே ஒரு குப்பிக்குக் கண்ட விகிதத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதில்லை.