சட்டமா, வெறும் பெட்டியா?

புனேயில் 'வாடா' எனப்படும் பழைய வீடுகளில், தடித்த சுவருக்குள்ளேயே 'ஃபட்தாள்' என்ற அலமாரி இருக்கும். சுவரில் ஒரு குழி, அதன் வாயில் மரச்சட்டம், சட்டத்தில் கதவு. குழி கோணலாக இருந்தாலும் சட்டம் நேராக இருந்தால் கதவு ஒழுங்காக மூடும். அமெரிக்கச் சமையலறைகளில் இன்றும் பரவலாகக் காணப்படும் முகச்சட்ட அலமாரிக்கும் இதுவே அடிப்படை. பெட்டியின் முன்விளிம்பில் சுமார் 38 மி.மீ. அகலச் சட்டம் பொருத்தி, அதில் கீலை மாட்டுவார்கள்.

சட்டமில்லாப் பெட்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் வளர்ந்தது. ஆலையில் பல துளைகளை ஒரே நேரத்தில் போடும் இயந்திரத்தின் முனைகளை 32 மி.மீ.க்கு மேல் நெருக்க முடியவில்லை. அந்த இடைவெளியே தர அளவாக நிலைத்தது. பக்கப் பலகையில், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே தள்ளி, 5 மி.மீ. துளைகள் வரிசையாக இருக்கும். கதவில் 35 மி.மீ. குழி வெட்டிக் கீலைப் பதிப்பார்கள். சட்டம் தந்த விறைப்பை இங்கே பின்பலகைதான் தரவேண்டும். அதைப் பெயருக்கு நாலு ஆணி அடித்து விட்டால், பெட்டி சாய்ந்து கதவுகள் உரசும்.

இடக்கணக்கில் வெற்றி சட்டமில்லாப் பெட்டிக்கே. 18 மி.மீ. ப்ளைவுட்டில் 600 மி.மீ. அகலப் பெட்டி செய்தால் வாய் அகலம் 564 மி.மீ.; முகச்சட்டம் வைத்தால் 524 மி.மீ.தான். இழுப்பறைக்கு அந்த 40 மி.மீ. பெரிய இழப்பு.

ஆனால் புனேயின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் 'ஓட்டா' எனப்படும் சமையல் மேடை ஏற்கெனவே கடப்பைக் கல் தடுப்புகளின் மேல் நிற்கிறது. நம்மூர்ச் சமையலறைகளிலும் உள்ள அதே கறுப்புக் கல். அந்தத் தடுப்புகளுக்கிடையே எஃகுக் கம்பிக் கூடைகளைச் சேனலில் ஓடவிட்டு 'ட்ராலி' என்கிறார்கள். இந்தக் கல்லை உடைக்காதீர்கள். தண்ணீர் பட்டு ஊறாது, கரையானும் அரிக்காது. கல்லின் விளிம்பு ஒருபோதும் துல்லியமாக இராது என்பதால், அதன் முகப்பில் மட்டும் மெல்லிய சட்டம் வைப்பதே சரி.

மேல் அலமாரிகளுக்குச் சட்டமில்லாப் பெட்டி போதும். ஆனால் புனே, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஈரம் இருக்கும் ஊர். துகள் பலகையில் செய்தால் உப்பிவிடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பலகை வேண்டியிருந்தால், 72 மணி நேரம் கொதிநீரில் சோதிக்கப்படும் ஐ.எஸ். 710 ப்ளைவுட்டைக் கேளுங்கள்.

கதவு மாட்டுமுன் பெட்டியின் இரண்டு மூலைவிட்டங்களையும் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். அளவு ஒத்துவராவிட்டால் கதவை மாட்ட விடாதீர்கள்.