கரண்ட் பில்லுக்கும் கணக்குப் போடுவோம்

 

நமது அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில், மருத்துவச் செலவும் பள்ளிக் கட்டணமும் போக, கரண்ட் பில் கட்ட முடியவில்லை என்று வருபவையும் உண்டு. கெடு நாள் நெருங்கிவிடும். கையில் பணம் இருக்காது. பியூஸைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பதற்றத்தில் வட்டிக்கு வாங்கிக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். சில நூறு ரூபாய்க்காக ஒரு குடும்பம் வட்டியில் போய் விழுவது வேதனையான விஷயம்.

வருமானக் குறைவு இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அரிசிக்கும் மளிகைக்கும் வாங்கும்போதே காசு கொடுப்பதால் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. மின்சாரம் அப்படியல்ல. இரண்டு மாதம் செலவழித்த பிறகுதான் தொகையே தெரிய வருகிறது.

2016 மே முதல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 200 யூனிட்டுக்கு 235 ரூபாய், 300க்கு 705, 400க்கு 1,175, 500க்கு 1,805 ரூபாய் வரும்.

இதில் 500 என்பது முக்கியமான எல்லை. அதுவரை 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கு அரசு மானியத்தால் 2.35 ரூபாய்தான். 500ஐத் தாண்டினால் அந்த யூனிட்டுகளுக்கும் 4.70 ரூபாய் ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு 8.40 ரூபாய் வீதம் தனி. எனவே 510 யூனிட் ஓடினால் பில் 2,124 ரூபாய். கூடுதலாக ஓடியது 10 யூனிட். கூடுதலாகக் கட்டுவது 319 ரூபாய்!

1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ முக்கால் யூனிட் எடுக்கும். சாதாரண மின்விசிறி 13 மணி நேரம் சுற்றினால்தான் ஒரு யூனிட். நம் கடலோரப் புழுக்கத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. தொட்டி நிரம்பி வழிந்த பின்னும் ஓடும் மோட்டாரும், ஆளில்லாத அறையில் எரியும் விளக்கும்தான் வீண்விரயம்.

இதற்கு நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, கணக்கெடுப்பாளர் வந்துபோன அன்று மீட்டரில் உள்ள எண்ணை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். நாளொன்றுக்கு 8 யூனிட்டுக்குள் இருந்தால் 60 நாளில் 480தான் ஆகும். முப்பதாவது நாளிலேயே 250ஐத் தாண்டியிருந்தால் மீதி நாட்களில் சுருக்கிக்கொள்ள அவகாசம் இருக்கிறது.

இரண்டாவது, போன பில் தொகையை 60ஆல் வகுத்து, அந்தப் பணத்தைத் தினமும் ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். 705 ரூபாய் பில்லுக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய். 1,805க்கு 30 ரூபாய். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் கூலி வாங்கும் நாளிலேயே எடுத்து வைப்பது நல்லது. அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது.

மூன்றாவது, நோன்பு மாதமும் கோடையும் வருவது முன்கூட்டியே தெரியும். சஹருக்கு எழுந்தால் அதிகாலையிலேயே விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய மாதங்களில் தினமும் ஐந்து ரூபாய் கூடுதலாகப் போட்டு வைத்தால் பெருநாள் செலவோடு இந்தச் சுமையும் சேர்ந்து அழுத்தாது.

வீட்டுக் கணக்கை நிர்வகிப்பவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்தான். வெளிநாட்டிலிருந்து கணவர் அனுப்பும் பணமோ உள்ளூர்ச் சம்பளமோ, வந்ததும் பில்லுக்கான பங்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

கணக்குப் போடுவதில் சந்தேகம் இருந்தால் மின் அட்டையையோ கடைசியாகக் கட்டிய ரசீதையோ எடுத்துக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர்கள் வட்டிக்கு வாங்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.