எலும்பு முறிவு மருத்துவத்தில் 'கம்பி': பொருள் வேறுபாடும் கலைச்சொல் தேவையும்

முன்னுரை

எலும்பு முறிந்து அறுவை மருத்துவம் செய்துகொண்டவரைக் குறித்து, 'உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்' என்று கூறுவது தமிழரின் பொதுவழக்கு. தோலுக்கு வெளியே நுனி தெரியுமாறு செலுத்தப்படும் மெல்லிய கம்பி, எலும்பின் உட்குழலில் இறக்கப்படும் தடித்த தண்டு, எலும்பின்மேல் பொருத்தப்படும் தகடு ஆகிய மூன்றும் இவ்வொரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. இவற்றின் பணியும், உடலில் இருக்கும் காலமும், நோயாளி மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பும் வெவ்வேறானவை. இவ்வேறுபாடுகளை விளக்கி, அவற்றுக்கு ஏற்ற தமிழ்ச் சொற்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றமும் வளர்ச்சியும்

தோல் கிழியாத முறிவைக் கத்தியால் திறந்தால் சீழ்ப்பிடித்து உயிருக்கே இடர் நேரும் என்ற அச்சம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நிலவியது. கிருமித்தடுப்பு முறையை வகுத்த ஜோசப் லிஸ்டர், 1877இல் இலண்டனில் உடைந்த முழங்காற்சில்லை வெள்ளிக்கம்பியால் பிணைத்தது இத்துறையில் ஒரு திருப்பமாகும். சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் ஸ்டைன்மன் 1907இல் எலும்பின் ஊடே தடித்த கோலைச் செலுத்தி, அதில் எடை கட்டி, முறிந்த காலை நேராக இழுத்து நிறுத்தும் முறையை விளக்கினார். செருமானியரான மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அதனினும் மெல்லிய கம்பியை அறிமுகப்படுத்தினார். அதுவும் முதலில் இழுவைக்கே பயன்பட்டது. பின்னரே முறிந்த துண்டுகளை இணைக்கும் கருவியாயிற்று. 1939இல் கீல் நகரத்து கெர்ஹார்ட் கூன்ட்ஷர் தொடையெலும்பின் உட்குழலில் நீண்ட தண்டை இறக்கினார்.

2. செயற்படும் முறை

கிர்ஷ்னர் கம்பி பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ. விட்டமுடையது, வழவழப்பானது, கூர்நுனி கொண்டது. ஊடுகதிர்ப் படத்தைத் திரையில் பார்த்தவாறே, தோலைப் பெரிதும் கீறாமல், துளைப்பொறியால் இது செலுத்தப்படுகிறது. ஒரே கம்பி இருப்பின், கீலைச் சுற்றிக் கதவு சுழல்வதுபோல் எலும்புத்துண்டு அதனைச் சுற்றிச் சுழலக்கூடும். ஆதலின் இரண்டோ மூன்றோ கம்பிகள் வெவ்வேறு திசைகளில் செலுத்தப்படுகின்றன. இக்கம்பி துண்டுகளை இடம் பெயராமல் நிறுத்துமேயன்றி உடற்சுமையைத் தாங்காது. எனவே மாவுக்கட்டும் உடன் தேவைப்படுகிறது. குழந்தைகளின் முழங்கைக்கு மேற்பட்ட முறிவில் இதுவே பெருவழக்கு. அங்கு மூன்று, நான்கு வாரங்களில் எலும்பு கூடியதும் கம்பி உருவப்படுகிறது.

முழங்காற்சில்லில் கம்பியின் பணி வேறு. இரு கம்பிகளை இணையாகச் செலுத்தி, அவற்றின் முனைகளை வளைக்கத்தக்க மெல்லிய கம்பியால் 8 என்னும் எண்வடிவில் முன்புறமாகச் சுற்றி முறுக்குவர். முழங்கால் மடங்கும்போது துண்டுகளைப் பிரிக்க முயலும் இழுவிசை, இக்கட்டினால் மூட்டுப்பக்கத்தில் அவற்றை நெருக்கும் விசையாக மாறுகிறது. உட்குழல் தண்டோ எலும்போடு சேர்ந்து சுமையைப் பகிர்ந்து தாங்குகிறது. இடர் தராதவரை அதனை அகற்ற வேண்டிய கட்டாயமில்லை.

3. பொருள்மயக்கத்தின் விளைவு

வெளியே நீளும் கம்பியின் வழியே கிருமி உட்புகலாம். ஆதலின் அவ்விடம் தூய்மையாக இருத்தல் வேண்டும். சிவப்பு, வீக்கம், சீழ் ஆகியன தோன்றின் உடனே மருத்துவரைக் காணவேண்டும். வழவழப்பான கம்பி நழுவி இடம் பெயர்வதும் உண்டு. தோள்பட்டைப் பகுதியில் வைத்த கம்பி மார்புக்குள் சென்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கம்பியின் வெளிமுனையை வளைத்துவிடுவதும், மீண்டும் வரச்சொல்லிப் படம் எடுப்பதும் இதனாலேயே. தொடையில் 'கம்பியோடு' பல்லாண்டு வாழும் உறவினரைக் கண்ட ஒருவர், தம் கைக்கம்பியும் அவ்வாறே இருந்துவிடலாம் எனக் கருதினால், அவர் குறித்த நாளில் மருத்துவமனைக்குத் திரும்பமாட்டார். ஒப்புதல் படிவத்திலும் 'கம்பி' என்றே எழுதப்படுமாயின் இம்மயக்கம் மேலும் உறுதிப்படும்.

4. கலைச்சொல் ஆக்கம்

1867இல் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் 'இரண வைத்தியம்' என்னும் அறுவை மருத்துவ நூலைத் தமிழில் அளித்தார். ஆயினும் மேற்கூறிய கருவிகள் அதற்குப் பின்னரே தோன்றின. இவற்றுக்கான வேர்ச்சொற்கள் தமிழில் ஆயத்தமாகவே உள்ளன. கன்று கட்டும் முளை பாதி மண்ணுள்ளும் பாதி வெளியிலும் நிற்கும். வேலை முடிந்ததும் பிடுங்கப்படும். கிர்ஷ்னர் கம்பியின் இயல்பும் இதுவே. ஆதலின் அதனை 'முளைக்கம்பி' எனலாம். அச்சாணி, கடையாணி ஆகியவற்றில் வரும் 'ஆணி' பொருளுள் தங்கிச் சுமைக்குத் துணைநிற்பது. எனவே உட்குழல் தண்டுக்கு 'உள்ளாணி' பொருந்தும். பிணைக்கும் மெல்லிய கம்பியைச் 'சுற்றுக்கம்பி' எனலாம். 'ஊசி' என்பது இன்று மருந்து செலுத்துவதையே முதலில் நினைவூட்டுவதால் இங்குத் தவிர்க்கத்தக்கது.

முடிவுரை

கலைச்சொல் ஆக்கம் அயற்சொல்லை நீக்கும் பணியாக மட்டும் கருதப்படுகிறது. 'கம்பி' தமிழ்ச் சொல்லாகவே வழங்கியும் மயக்கம் நேர்வதை இக்கட்டுரை காட்டுகிறது. எது அகற்றப்படவேண்டும், எது தங்கலாம் என்பதைச் சொல்லே உணர்த்துமாறு அமைப்பது நோயாளியின் நலத்தோடு நேரே தொடர்புடையது. முளைக்கம்பி, உள்ளாணி, சுற்றுக்கம்பி ஆகிய சொற்களை மருத்துவரும் தமிழறிஞரும் இணைந்து ஆய்ந்து, படிவங்களிலும் அறிவுரைத் தாள்களிலும் வழக்கிற்குக் கொணர்தல் பயன்தரும்.