சிற்றாறும் பனியாறும்

சாரல் ஓய்ந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் போய்விட்டால், குற்றாலம் பேரருவி மெலிந்து மெலிந்து பாறையில் ஒட்டிய ஈரமாகிவிடும். மேலகரம், தென்காசி வட்டாரத்தின் சிற்றாறு கோடையில் மணலாகக் கிடக்கும். அதே கோடையில்தான் கங்கோத்ரி பனியாறு முடியும் கோமுகத்தில் பாகீரதி கலங்கிப் பெருகுகிறது. இமயத்தில் மழை அதிகம், இங்கே குறைவு என்று இதை விளக்கிவிட முடியாது. இரண்டு மலைகளும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் விதமே வேறு. உயரத்தில் விழும் பனி ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காக அமுங்கிக் கெட்டிப்பட்டு, தன் எடையாலேயே மெல்லக் கீழே நகர்கிறது. வெயில் ஏற ஏற அதன் கீழ்முனை உருகுகிறது. மழை பொய்த்து வெயில் காயும் ஆண்டில் உருகல் கூடவும் செய்யும். குற்றால மலைக்கு அந்த வசதி இல்லை. காட்டு மண்ணும் பாறை வெடிப்பும் வாங்கிய நீர், மழை நின்ற நாளிலிருந்து குறைந்துகொண்டேதான் வரும்.

மரம் இருந்தால் ஆறு வற்றாது என்பார்கள். மரமும் தண்ணீர் குடிக்கும் என்பதை மறந்த பேச்சு அது. சருகு மூடிய மண் மழையை உள்ளே வாங்கி, ஓட்டத்தைச் சில வாரங்களோ மாதங்களோ நீட்டித்துத் தருகிறது. அதுவே பெரிய உதவிதான். ஆனால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்க அதனால் ஆகாது. பனியாறும் வற்றாத உண்டியல் அல்ல. அது சுருங்கும் காலத்தில் ஆற்றில் முதலில் நீர் கூடும். முதல் பணத்தை எடுத்துச் செலவழிப்பவர் கையிலும் கொஞ்சகாலம் காசு தாராளமாகத்தான் புழங்கும்.

தவிர, பனியாறு நாம் கேட்ட நேரத்தில் கொடுப்பதில்லை. லடாக்கில் விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். உயரத்துப் பனி உருகி வர ஜூன் ஆகிவிடும். பொறியாளர் செவாங் நோர்பெல் 1980களிலிருந்து, குளிர்காலத்தில் வீணாகும் ஓடைநீரைக் கிராமத்துக்குப் பக்கத்தில், நிழல் விழும் சரிவில் தடுத்து உறையவைத்தார். தாழ்வான இடமென்பதால் அது முன்னதாகவே உருகிக் கழனிக்கு வந்தது. தென்காசிக்காரர் பார்த்தால் இதைக் குளம் என்றுதான் சொல்வார். சிற்றாற்றில் அணைக்கட்டு, அதிலிருந்து கால்வாய், கால்வாய் முடிவில் குளம், அது நிறைந்தால் மறுகால் வழியே அடுத்த குளம்: கார், பிசானம் என்ற நெல் போகங்களுக்கு இங்கே சேமிப்பு மலையில் இல்லை, சமவெளியில் இருக்கிறது. குளத்து நீரை வெயில் குடித்துவிடுமே என்று கேட்கலாம். குடிக்கும்தான், மீதி மடை வழியே வயலுக்கும், மண் வழியே சுற்றுக் கிணறுகளுக்கும் போகிறது. வாராமல் விட்ட வண்டல்தான் கொள்ளளவையும் ஊற்றையும் ஒருசேரக் கெடுக்கிறது.