தட்டைப் பாதமும் உடற்பயிற்சிகளும்

தட்டைப் பாதம் என்பது, நிற்கும்போது உள்ளங்காலின் உட்புற வளைவு தாழ்ந்து பாதம் ஏறக்குறைய முழுவதும் தரையில் படியும் நிலையாகும். பலருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சிலருக்கு நெடுநேரம் நின்றால் உள்ளங்காலிலும் கணுக்காலின் உட்புறத்திலும் வலி உண்டாகும். கோயம்புத்தூர் நூற்பாலைகள், திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள் போன்ற இடங்களில் நின்றுகொண்டே வேலை செய்வோருக்கு இவ்வலி பெரிய இடையூறாகும்.

வகைகள்

ஈரக் காலுடன் சிமெண்ட் தரையில் நின்று சுவட்டைப் பார்த்தால் பாதத்தின் அமைப்பு ஓரளவு தெரியும். நடுப்பகுதி குறுகாமல் அகலமாகப் பதிந்தால் அது தட்டைப் பாதமாக இருக்கலாம். அடுத்து, குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்க வேண்டும்.

- நெகிழ்வான தட்டைப் பாதம்: குதிகாலை உயர்த்தும்போது வளைவு மீண்டும் தோன்றும். பெரும்பாலோருக்கு இருப்பது இதுவே.
- இறுகிய தட்டைப் பாதம்: எந்நிலையிலும் வளைவு தோன்றாது. பாத எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது இதற்கு ஒரு காரணம்.

குழந்தைகளும் காலணியும்

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் பாதமும் தட்டையாகவே தோன்றும். சுமார் 10 வயதுக்குள் வளைவு படிப்படியாக உருவாகிறது. இந்தியாவில் ராவ், ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலுடன் நடந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. செருப்பைவிட, விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டது.

பயிற்சிகள்

- பாதம் குறுக்குதல்: விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்து 5 நொடி நிறுத்த வேண்டும். வளைவைத் தாங்கும் பாதத்தின் சிறு தசைகளுக்கு இதுவே முதன்மையான பயிற்சி.
- குதிகால் உயர்த்துதல்: சுவரைப் பிடித்து மெல்ல உயர்ந்து மெல்ல இறங்க வேண்டும். பழகிய பின் ஒற்றைக் காலில் செய்யலாம்.
- துண்டு சுருட்டுதல்: தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் தன்பக்கம் இழுத்தல்.
- கெண்டைக்கால் நீட்டல்: சுவரில் கையூன்றி, பின்னங்காலின் குதிகால் தரையில் பதிய 30 நொடி நிற்றல். இறுகிய கெண்டைத் தசை வளைவை மேலும் தாழ்த்தும்.
- ஒற்றைக் காலில் நிற்றல்: உடலின் சமநிலைக்கு உதவும்.

ஒவ்வொன்றையும் 10 முறை அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். மாற்றம் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பயனும் வரம்பும்

நெகிழ்வான தட்டைப் பாதத்தில் பயிற்சிகள் தசையை வலுப்படுத்தி வலியைக் குறைக்கும். வளர்ந்தவரின் எலும்பு அமைப்பை அவை மாற்றுவதில்லை. இறுகிய வகையில் பயிற்சியால் வளைவு உருவாகாது.

கொங்கு மாவட்ட இளைஞர்கள் பலர் கோயம்புத்தூர் படை ஆட்சேர்ப்பு அலுவலகம் வழியாக இராணுவத் தேர்வில் கலந்துகொள்கின்றனர். தட்டைப் பாதம் என்றாலே தகுதியிழப்பு என்று அஞ்சி, பாட்டிலைக் காலடியில் உருட்டுவோர் உண்டு. உருட்டுவது உள்ளங்காலைத் தளர்த்துமே தவிர வளைவை உண்டாக்காது. இந்தியப் படைகளின் மருத்துவ விதிகள் பாதத்தின் இயக்கத்தையே முக்கியமாகப் பார்க்கின்றன. முன்பாதத்தில் நிற்கும்போது வளைவு தோன்றி, நன்றாகத் தாவவும் ஓடவும் முடிந்து, பாதம் வலியின்றி நெகிழ்வாக இருந்தால் ஏற்கப்படலாம். இறுகிய தட்டைப் பாதம் ஏற்கப்படுவதில்லை. எனவே விண்ணப்பிக்கும் முன்பே எலும்பியல் மருத்துவரிடம் எவ்வகை என அறிந்துகொண்டால், வீண் அச்சமும் வீண் செலவும் தவிரும்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

- ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாதல்
- ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்த முடியாமை
- நீரிழிவு நோயாளிக்குப் பாதம் திடீரெனச் சிவந்து, சூடாகி வீங்குதல். இந்நிலையில் பயிற்சி செய்யாமல், பாதத்தில் எடை தாங்குவதைத் தவிர்த்து, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.