எறும்புப் பொடியும் பாச்சை உருண்டையும் உடம்புக்குள் என்ன செய்கின்றன?



வெயில் ஏறினால் குளத்தூரில் எந்த வீட்டு அடுப்படியிலும் எறும்பு வரிசை கட்டிவிடும். சீனி டப்பா, பேரீச்சம்பழ டப்பா, தொட்டில் கயிறு எதையும் விடுவதில்லை. உடனே கடைக்குப் பிள்ளையை அனுப்பிப் பொடி வாங்கித் தூவுகிறோம். இல்லாவிட்டால் எறும்பு சாக்பீஸால் கோடு போடுகிறோம். அது எறும்பைக் கொல்லும் என்பது நமக்குத் தெரியும். எப்படிக் கொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால், அதை வீட்டில் எங்கே வைக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

இந்த விஷயத்தைப் பிரேசில் நாட்டில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிற்கிற அதே தைலமரத்தை அங்கே பெருந்தோப்புகளாக வளர்க்கிறார்கள். அங்குள்ள இலைவெட்டி எறும்புகள் மரத்தையே மொட்டையடித்துவிடும். வெட்டிய இலையை அவை தின்பதில்லை. புற்றுக்குள் கொண்டுபோய் மென்று, அதில் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து அதைத்தான் உண்கின்றன. மனிதன் உழவு கற்பதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே விவசாயம் செய்த படைப்பு! (திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்துக்கு எறும்பின் பெயர் இருப்பதை நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.)

இந்த எறும்பை உடனே கொல்லும் மருந்தால் பயனில்லை. வெளியே வந்த வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணி புற்றுக்குள் பத்திரமாக இருக்கும். அதனால் ஆரஞ்சுச் சக்கையில் சல்ஃப்ளூராமிட் என்ற மெதுவான மருந்தைக் கலந்து வைக்கிறார்கள். எறும்புகளே அதைச் சுமந்துபோய்ப் புற்று முழுக்கப் பரப்புகின்றன. அந்த மருந்து செல்லின் சக்தி உற்பத்தியைக் கெடுக்கிறது. உணவு எரியும், ஆனால் சக்தி கிடைக்காது. விறகு எரிந்தும் சோறு வேகாத அடுப்பு மாதிரி.

இந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எறும்பானாலும் மனிதனானாலும் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அடுப்புகள் இருக்கின்றன. மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு அவை உணவை எரிக்கின்றன. அடுப்பு எரிந்தால் பொறி பறக்கத்தான் செய்யும். அப்படிப் பறக்கும் பொறிகள்தான் கட்டுக்கடங்காத ஆக்சிஜன் துணுக்குகள். அவற்றை அணைக்க ஆண்டவன் உடம்பிலேயே ஆள் வைத்திருக்கிறான்: சூப்பராக்சைடு டிஸ்முடேஸ், கேட்டலேஸ் ஆகிய நொதிகளும், குளுட்டதயோன் என்ற பொருளும். அணைக்கிற வேகத்தைவிடப் பொறி பறக்கிற வேகம் கூடிவிட்டால் அந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அப்போது செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சுவர் கெடுகிறது. நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கிறதே, கிட்டத்தட்ட அதே ரசாயன மாற்றம்தான் இதுவும். ஆய்வுக்கூடத்தில் மருந்து பட்ட பூச்சிகளை அரைத்து, எவ்வளவு சிக்கு ஏறியிருக்கிறது, அணைக்கும் நொதிகள் எவ்வளவு மிச்சம் என்றுதான் அளந்து பார்க்கிறார்கள்.

நம் கடைகளில் விற்கும் பொடியும் சாக்பீஸும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. அவை முதலில் தாக்குவது நரம்பை. எறும்பு துடித்துச் சுருள்வது அதனால்தான். கூடவே உடம்பு அந்த மருந்தை உடைக்க முயலும்போது மேலே சொன்ன பொறிகளும் கூடுகின்றன. நமக்கும் அதே நரம்பு, அதே அடுப்பு. ஆனால் நம் ஈரல் இந்த வகை மருந்தை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும், உடம்பும் பெரிது. ஆகவே கோடு போட்ட வீட்டில் இருப்பதற்கே பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தவழும் பிள்ளைக்காக. அது தரையைத் தடவிய கையை வாயில் வைக்கும். சிலேட்டுச் சாக்பீஸ் எது, எறும்புச் சாக்பீஸ் எது என்று அதற்குத் தெரியாது.

பொடியைவிட நாம் அதிகம் கவலைப்படுவது பாச்சை உருண்டையைப் பற்றித்தான். பெருநாள் துணி, பட்டு, கைக்குழந்தையின் துணி எல்லாவற்றோடும் டிரங்குப் பெட்டியில் போட்டு வைக்கிறோம். அது நாஃப்தலின் என்ற பூச்சிமருந்து என்பதையே பலர் மறந்துவிட்டோம். சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். அந்த நொதி குறைந்தால் இரத்தச் சிவப்பணுவில் குளுட்டதயோன் தீர்ந்துபோகும், பொறியை அணைக்க ஆள் இருக்காது. அந்த வாடை ஏறிய துணியில் பிள்ளையைச் சுற்றி வைத்தாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். பச்சிளங்குழந்தைக்குக் காமாலை முற்றினால் மூளையையே பாதிக்கும். பார்த்தால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும், இந்தக் குறை இருப்பது பெற்றோருக்கே தெரிந்திருக்காது. ஆகவே பேறுகாலத்துக்கு எடுத்து வைக்கும் துணியில் உருண்டை போடவே வேண்டாம் என்று நன்னிமார்களைக் கேட்டுக்கொள்கிறோம். காய்ந்த வேப்பிலையும் நல்ல வெயிலும் போதும். ஏற்கெனவே போட்டிருந்தால், வாடை போகும்வரை துவைத்து வெயிலில் உலர்த்தாமல் பிள்ளைக்கு உடுத்தக் கூடாது.

வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டுக்குள் வருவது இன்னொரு ஆபத்து. 1958இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவில், கூடவே ஏற்றிவந்த பாரத்தியான் மருந்து கசிந்து கலந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்ததற்கு அந்தத் துயரம் ஒரு காரணம். 2013இல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்ததும் மானோகுரோட்டோபாஸ் மருந்து சமையல் எண்ணெயில் கலந்ததால்தான். நம் வீடுகளில் மருந்து டப்பாவைக் கழுவி மாவோ எண்ணெயோ ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய ஆட்கள் வெள்ளைப் பொடி எதையும் இன்றும் கேமக்சின் என்றே கேட்டு வாங்குகிறார்கள். அந்த பி.ஹெச்.சி. மருந்துக்கு 1997இலேயே தடை வந்துவிட்டது. பொட்டலமாக மடித்துத் தரும் பொடி எதுவென்று தருகிற கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். முத்திரையும், பெயரும், வண்ண முக்கோணமும் உள்ள பாக்கெட்டை மட்டும் வாங்குங்கள். முக்கோணத்தில் சிவப்பு இருந்தால் கடும் விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை.

எறும்பு வரிசைக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். முன்னே போன எறும்பு விட்டுச்சென்ற வாடையைப் பிடித்துத்தான் மற்றவை வருகின்றன, அந்த வாடை அழிந்தால் தடம் தவறிவிடும். சுவர் ஓட்டையைச் சிமெண்டால் அடையுங்கள். சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள்.

பிள்ளை பொடியையோ உருண்டையையோ வாயில் போட்டுவிட்டால், கையை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்து, தோலில் பட்டதைச் சோப்பால் கழுவி, 108க்கு அழைத்து, அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான சிகிச்சை தர முடியும். உருண்டை விழுங்கிய பிள்ளை அன்றைக்கு விளையாடிக்கொண்டே இருக்கலாம். ஓரிரு நாள் கழித்து முகம் வெளுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனாலோ, இரவானாலும் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.